பென்சிலுக்கு முன்னால் வர வேண்டியவை

எல்.கே.ஜி. வகுப்பில் சேர்ந்த மூன்றரை வயதுப் பிள்ளையின் பையில் சில நாட்களிலேயே நான்கு கோடு நோட்டு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுதிவர வேண்டும் என்று அதில் குறிப்பும் இருக்கிறது. பிள்ளை இரண்டு வரி எழுதுவதற்குள் நாற்காலியில் நெளிகிறது, தலையை மேசையில் சாய்க்கிறது, பென்சில் முனையை உடைக்கிறது, தண்ணீர் கேட்கிறது. பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்றோ கவனக்குறைவு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அந்த உடல் இந்த வேலைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே உண்மை. நிமிர்ந்து உட்காருவதற்கே தன் கவனத்தில் பெரும்பகுதியைச் செலவிடும் பிள்ளைக்கு, எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சமே.

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம். இதற்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. இதில் வரும் வயதுக் கணக்குகள் எல்லாம் ஏறத்தாழச் சொல்லப்படுபவை. சில மாதங்கள் முன்பின்னாக இருப்பதைக் குறையாகக் கருத வேண்டாம்.

முதுகும் தோளும் முதலில்

உடலைக் கட்டுப்படுத்தும் திறன் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளர்கிறது. கழுத்தும் முதுகும் வயிறும் நிலைத்த பிறகு தோள், தோள் நிலைத்த பிறகு முழங்கையும் மணிக்கட்டும், அதற்குப் பிறகே விரல்கள் என்பது பொதுவான வரிசை. ஆடும் ஏணியில் நின்று சுவரில் எழுதுபவரின் எழுத்து எப்படிக் கோணுமோ, அப்படித்தான் தோள் உறுதிப்படாத பிள்ளையின் எழுத்தும் கோணும். அங்கே விரல்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை விளையாட்டாகவே தெரிந்துகொள்ளலாம். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று வயதில் ஓரிரு நொடியும், நான்கு வயதில் நான்கைந்து நொடியும், ஐந்து வயதில் பத்து நொடி அளவுக்கும் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுகின்றன. தரையில் சம்மணமிட்டு, சுவரில் சாயாமல், ஒரு கதை முடியும் வரை உட்கார முடிகிறதா என்று கவனியுங்கள். சில பிள்ளைகள் எப்போதும் முழங்காலை முன்னால் மடித்து, பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளி, இடுப்பைத் தரையில் பதித்தே உட்காருகின்றன. எப்போதாவது அப்படி உட்காருவதில் தவறில்லை. வேறு எந்த விதமாகவும் உட்கார முடியவில்லை என்றால் முதுகுக்கும் வயிற்றுக்கும் வலு போதவில்லை என்று கொள்ளலாம்.

வலுவூட்டும் வேலைகள் எளியவை. யானை நடை (குனிந்து கைகளையும் ஊன்றி நடப்பது), நண்டு நடை (மல்லாந்து கைகால்களை ஊன்றி நகர்வது), தவளைப் பாய்ச்சல் மூன்றையும் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை செய்யச் சொல்லுங்கள். உடலின் எடையைக் கைகள் தாங்கும்போது தோள் உறுதிப்படுகிறது. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றிப் படம் பார்ப்பதும் வரைவதும் அதே பலனைத் தரும். கைக்குழந்தையாக இருந்தபோது தவழாமல் நேராக நடந்துவிட்ட பிள்ளைக்கு இவை கூடுதலாக வேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தவழாத பிள்ளைகளில் பலர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்திருக்கிறார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மேசை நாற்காலியில் உட்காரும் பிள்ளையின் பாதங்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. காலடியில் ஒரு மணையையோ பழைய டிரங்குப் பெட்டியையோ வைத்துப் பாருங்கள். நெளிவது குறைவதைக் காணலாம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு புலன்கள்

ஐம்புலன்களைத் தவிர வேறு இரண்டும் கற்றலுக்கு அடிப்படையாக இருக்கின்றன. ஒன்று, உள்காதில் அமைந்துள்ள சமநிலைப் புலன். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அது மூளைக்குத் தெரிவிக்கிறது. தலை அசையும்போதும் பார்வை ஓரிடத்தில் நிலைத்திருப்பது அதன் உதவியால்தான். கரும்பலகையைப் பார்த்துவிட்டுக் குனிந்து நோட்டில் எழுதி, மீண்டும் நிமிர்ந்து விட்ட இடத்தையே கண்டுபிடிப்பதற்கு இது தேவைப்படுகிறது. மற்றொன்று, தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இதனால்தான். பென்சிலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணிப்பதும் இதுவே. அமெரிக்கரான ஜீன் அயர்ஸ் என்ற சிகிச்சையாளர் இப்புலன்களுக்கும் கற்றல் இடர்ப்பாடுகளுக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்து 1972-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய கோட்பாட்டின் சில பகுதிகள் இன்றும் விவாதத்துக்கு உரியவையாக இருந்தாலும், அசைவு நிறைந்த விளையாட்டு சிறு பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சமநிலைப் புலனுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம், பாயில் உருளுதல், தட்டாமாலை சுற்றுதல் ஆகியவை போதும். மடியில் வைத்து ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ என்று ஆட்டிய காலத்திலேயே இந்தப் பயிற்சி தொடங்கிவிட்டது. சுற்றும் விளையாட்டில் வேகத்தையும் நேரத்தையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஊஞ்சலைக் கண்டு அலறும் பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதால் பயம் கூடுமே தவிரக் குறையாது. கால் தரையில் படும் அளவுக்கு ஊஞ்சலைத் தாழ்த்திக் கட்டி, தானே உந்திக்கொள்ள விடுங்கள்.

தசை உணர்வுக்குப் பளு வேண்டும். சிறிய வாளியில் பாதி அளவு தண்ணீர் எடுத்துச் சென்று செடிக்கு ஊற்றுவது, நாற்காலியைத் தள்ளி நகர்த்துவது, சப்பாத்தி மாவு பிசைவது, துவைத்த துணியைப் பிழிவது, கடையிலிருந்து வரும்போது தேங்காய்ப் பையைச் சுமப்பது என்று வீட்டு வேலைகளிலேயே அது கிடைக்கிறது. காகிதம் கிழியும்படி எழுதும் பிள்ளைக்கும், கண்ணுக்கே தெரியாதபடி மெல்ல எழுதும் பிள்ளைக்கும், நண்பர்கள் மீது மோதிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் இவ்வேலைகள் மிகவும் உதவும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சற்று முன்பாக இவற்றைச் செய்ய வைத்தால் பல பிள்ளைகள் அமைதியாக உட்காருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிட உடலசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். திரை முன் அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது; 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு 180 நிமிடம் மலைப்பாகத் தோன்றலாம். அது ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை. மாடிப்படியில் ஏறி இறங்குவதும், பெரியவர் உடனிருக்க மொட்டை மாடியில் பாண்டி ஆடுவதும், துணி மடிக்க உதவுவதும் அதில் சேரும். பாண்டியைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு: சில்லைக் குறிபார்த்து எறிவதும், ஒற்றைக் காலில் நொண்டுவதும், குனிந்து சில்லை எடுக்கும்போது தடுமாறாமல் நிற்பதும் ஒரே ஆட்டத்தில் அமைந்திருக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு நான்கு கட்டம் வரைந்தால் போதும். கோட்டை மிதித்தால் அவுட் என்ற விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடுதல்

மணல், கேழ்வரகு, கோலமாவு, ஈரக் களிமண் ஆகியவற்றைத் தொட்டு அளைந்து விளையாடிய விரல்கள் வேறுபாடுகளை நுட்பமாக உணர்கின்றன. துணிப்பை ஒன்றில் கரண்டி, சீப்பு, சோழி, பெரிய பட்டன், புளியங்கொட்டை ஆகியவற்றைப் போட்டு, பார்க்காமல் கையை விட்டு, கேட்ட பொருளை எடுக்கச் சொல்லுங்கள். சிறு பொருட்களை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதில் இவை ஆபத்தானவை என்பதால், மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேலும் பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிசுபிசுப்பான எதையும் தொட மறுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களின் கையைப் பிடித்து மாவில் அமுக்காதீர்கள். முதலில் கரண்டியால் கிளறட்டும், பிறகு ஒரு விரலால் தொடட்டும். உடனே கழுவிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். ஒலிக்கு அஞ்சும் பிள்ளைகளையும் இப்படியே அணுகலாம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சுவிட்சைப் போடும் பொறுப்பையும் கொடுத்தால் அச்சம் மெல்லக் குறைகிறது.

கை

தமிழ் வீடுகளில் பிள்ளையின் கைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. சோற்றைப் பிசைந்து, உருட்டி, கட்டை விரலையும் அடுத்த இரு விரல்களையும் முன்னிறுத்தி எடுத்து வாயில் வைப்பதில் வேலை செய்யும் அதே மூன்று விரல்களைத்தான் பென்சில் நாளைக்குக் கேட்கப்போகிறது. ஆனால் ஐந்து வயது வரை, கைப்பேசியில் படம் ஓட, அம்மாவோ பாட்டியோ ஊட்டிவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சிந்தாமல், விரைவாக, நிறையச் சாப்பிட வேண்டும் என்ற அக்கறை புரிகிறது. இருந்தாலும் கைப்பயிற்சிக்கென்று விலை கொடுத்துப் பொம்மை வாங்கிவிட்டு, ஒரு நாளில் மூன்று முறை இலவசமாக வரும் பயிற்சியை விட்டுவிடுவதில் பொருளில்லை. நாளுக்கு ஒரு வேளையாவது பிள்ளை தானே பிசைந்து சாப்பிடட்டும். கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் துடைக்கும் வேலை குறையும்.

அடுத்த பயிற்சிக்கூடம் காய் நறுக்கும் இடம். பட்டாணி உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, கீரை ஆய்வது, அவரைக்காயில் நார் எடுப்பது ஆகியவற்றில் ஒரு கை பிடிக்க, மற்றொரு கை வேலை செய்கிறது. நோட்டை இடக்கை அழுத்திப் பிடிக்க வலக்கை எழுதுவதும், தாளை ஒரு கை திருப்பிக்கொடுக்க மற்றொரு கை வெட்டுவதும் இதே பிரிவினைதான். துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது, பெரிய மணிகளை நூலில் கோப்பது, சட்டைப் பட்டன் போடுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் தானே திறந்து மூடப் பழக்குவதைப் பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். திறக்கத் தெரியாமல் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்க வேண்டியதும் இந்த வயதில்தான். பதினான்கு குழிகளில் விதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது, கடைசி இரண்டு விரல்கள் மீதி விதைகளை உள்ளங்கையில் அடக்கி வைத்திருக்க, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒரே ஒரு விதையை மட்டும் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. கையின் ஒரு பாதி பிடிப்பதும் மறு பாதி இயங்குவதுமான இந்தத் திறன் இல்லாமல் பென்சிலை நேர்த்தியாகக் கையாள முடியாது. எண்ணிக்கை பழகுவது கூடுதல் ஆதாயம். பலகை இல்லாத வீட்டில் முட்டை அட்டையே போதும்.

பென்சில் பிடிப்பு கட்டம் கட்டமாக மாறுகிறது. ஒன்றரை வயதில் முழுக்கையாலும் இறுகப் பிடிக்கும். இரண்டு மூன்று வயதில் எல்லா விரல்களும் கீழ்நோக்கி இருக்கும். மூன்றரை, நான்கு வயதை ஒட்டி மூன்று விரல் பிடிப்பு தோன்றும். ஆனால் அப்போது விரல்கள் அசையாமல் கை முழுவதும் அசையும். விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் பிடிப்பு நான்கரை முதல் ஆறு வயதுக்குள் அமையும். மூன்று வயதுப் பிள்ளையின் பிடியைத் திரும்பத் திரும்பத் திருத்துவது வீண் வேலை. மாறாக, கையில் கொடுக்கும் பொருளை மாற்றுங்கள். விரல் நீளமே உள்ள உடைந்த சாக்பீஸையும் கிரேயான் துண்டையும் முழுக்கையால் பிடிக்க இடமே இருக்காது என்பதால், விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும். சுவரில் மாட்டிய பலகையில் எழுத வைத்தால் மணிக்கட்டு எழுதுவதற்கு ஏற்றபடி மேல்நோக்கி வளையும், தோளும் உழைக்கும். பலகை இல்லை என்றால் பெயின்ட் பிரஷையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்துக் காம்பவுண்டு சுவரில் கோடு இழுக்கச் சொல்லலாம். வெயிலில் காய்ந்துவிடும், யாரும் திட்ட மாட்டார்கள்.

எந்தக் கை என்பது பொதுவாக நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் உறுதிப்படுகிறது. அதுவரை பென்சிலைப் பிள்ளையின் நேர் எதிரே, நடுவில் வையுங்கள். எந்தக் கை நீள்கிறதோ அதுவே எடுக்கட்டும். சோற்றாங்கையால் சாப்பிட வேண்டும் என்பது வீட்டின் வழக்கமாக இருக்கலாம், ஆனால் இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றக் கூடாது. வலப்பக்கப் பொருளை வலக்கையாலும் இடப்பக்கப் பொருளை இடக்கையாலும் மட்டுமே எடுத்து, உடலின் நடுக்கோட்டைக் கை தாண்டுவதே இல்லை என்றால், தரையில் 8 என்ற எண்ணைப் படுக்கைவாட்டில் பெரிதாக வரைந்து, நடுவில் உட்கார வைத்து, பொம்மைக் காரை ஒரே கையால் அதன் மீது ஓட்டச் சொல்லுங்கள்.

கண்ணும் காதும்

தனக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்திருக்கும். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது ஆகிய பழக்கங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளிக்கு முன் ஒரு கண் பரிசோதனை நல்லது. சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் சில வாரங்கள் குறைந்திருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காது மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தமிழ் படிக்கப்போகும் காதுக்குக் குறில் நெடில் வேறுபாடு முதலில் கேட்க வேண்டும். கல்–கால், பல்–பால், படம்–பாடம் என்று சொல்லி, குறிலுக்கு ஒரு முறையும் நெடிலுக்கு இரண்டு முறையும் கையை நொடிக்கச் செய்யலாம். நம் இலக்கணம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் அளந்ததால், இது புதிய உத்தி ஒன்றும் இல்லை. ல, ள, ழ வேறுபாட்டை வாய் சொல்வதற்கு நாளாகும். காது கேட்டுப் பழகட்டும்.

கண்ணுக்குரிய பயிற்சியும் நம் எழுத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ‘ர’வும் துணைக்காலும், ‘த’வும் ‘ந’வும், ‘எ’யும் ‘ஏ’யும் மிகச் சிறிய வேறுபாட்டால் பிரிபவை. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் அடையாளம் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. முன், பின், இடம், வலம் என்பவை உடலில் பதியாத பிள்ளைக்கு இது குழப்பத்தைத் தரும். நாற்காலிக்கு முன்னால் நில், அம்மாவுக்கு இடப்பக்கம் வா என்று விளையாடிய பிறகு அதைத் தாளில் காட்டுவது எளிது.

எழுத்து எப்போது, எந்த வரிசையில்

செங்குத்துக் கோட்டை இரண்டு வயதிலும், கிடைக்கோட்டை இரண்டரை வயதிலும், வட்டத்தை மூன்று வயதிலும், கூட்டல் குறியை நான்கு வயதிலும், சதுரத்தை நான்கரை வயதிலும், முக்கோணத்தை ஐந்து வயதிலும் பார்த்து வரையும் திறன் ஏறத்தாழ வருகிறது. இதை வைத்துப் பார்த்தால், அகரவரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக ‘அ’வை முதலில் எழுத வைப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். சுழி, வளைவு, கிடைக்கோடு, செங்குத்துக் கோடு என்று எல்லாம் கலந்த எழுத்து அது. வாயால் சொல்வதற்கும் கண்ணால் அடையாளம் காண்பதற்கும் ‘அ’வில் தொடங்குங்கள், கையால் எழுதுவதற்கு ‘ட’வும் ‘ப’வும் முதலில் வரட்டும். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு என்றால் ‘ட’. அதிலிருந்து மேலே ஏறினால் ‘ப’. மூன்று சுழி ‘ண’வும் ‘இ’யும் வட்டம் நன்றாகச் சுழன்று வந்த பிறகு போதும்.

தாளுக்கு முன் மணல் வேண்டும். அகலமான தட்டில் மணலையோ ரவையையோ பரப்பி, விரலால் எழுதிக் காட்டி, அதன் மேலேயே எழுத விடுங்கள். தட்டை ஆட்டினால் அழிந்துவிடும். திண்ணைப் பள்ளிகளில் நடந்தது இதுதான். 1789 முதல் 1796 வரை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். பின்னர் அந்த வழக்கம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் சென்றது. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவதுதான் முதல் படி. புள்ளிகளை இணைத்து எழுதும் ஒர்க்ஷீட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கை எந்தத் திசையில் செல்கிறது என்பதை யாரும் பார்க்காமல் விட்டால், பிள்ளை எழுத்தைத் தலைகீழாகத் தொடங்கிப் படம்போல் வரைந்து பழகிவிடும்.

ஆசிரியரிடம் இதைப் பேசத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். வீட்டுப்பாடத்தில் ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

நான்கு வயதுக்குப் பிறகும் ஓடும்போது அடிக்கடி விழுவது, படியில் ஏறத் தடுமாறுவது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, ஐந்து வயதாகியும் வட்டம் வரைய வராதது, சாதாரணத் தொடுதலும் ஒலியும் அன்றாட வாழ்க்கையையே குலைப்பது ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அமைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ அங்கன்வாடியிலோ விசாரித்தால் வழி சொல்வார்கள்.

புதிய இடத்தில் பிள்ளை ஒடுங்கிக்கொள்ளும் என்பதால், வீட்டில் ஓடுவது, படி ஏறுவது, தானே சாப்பிடுவது, வரைவது ஆகியவற்றைக் கைப்பேசியில் சிறிய வீடியோக்களாக எடுத்துச் செல்லுங்கள். பிறந்தபோது இருந்த எடை, குறைமாதப் பிறப்பா என்பது, எந்த வயதில் உட்கார்ந்தது, நடந்தது, பேசியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) கேட்கும் முதல் கேள்விகளுக்கு விடை கையிலேயே இருக்கும். பள்ளி நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதைப் பிள்ளையின் எதிரில் விரித்துக் குறை சொல்ல வேண்டாம்.